பார்க்கப் பழகுவது எப்படி? பெங்களூருக்கு வந்திருக்கும் விசுவாசிக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு வருஷமாக எங்கள் அலுவலக மாடியைக் கூட்டித் துடைத்த அம்மாவிடம் நான் பேசிய மொத்தக் கன்னடமே மூன்று சொல்தான்: "இல்லி கிளீன் மாடி", அதாவது இங்கே கிளீன் பண்ணுங்க. ஒருநாள் போனில் தம்பியோடு ஊர் நிலத்தைப் பற்றித் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் காலைத் தூக்குங்க சார்" என்று பக்கத்தில் ஒரு குரல். அவர்தான், மாப்பைப் பிடித்தபடி நிற்கிறார். தமிழா நீங்க என்று கேட்டேன். "நீங்க தமிழ்னு எனக்கு மொத நாளே தெரியும் சார். நீங்க கன்னடத்துல பேசுனீங்க, அதான் நானும் விட்டுட்டேன்."

கோலார் தங்கவயல்காரர். 2001-இல் சுரங்கத்தை மூடியபிறகு அங்கிருந்து தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வந்து கூட்டவும் காவல் காக்கவும் செய்கிற ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். மாரிக்குப்பத்தில் இருட்டோடு ரயிலேறி ஒயிட்ஃபீல்டில் இறங்குகிறார். என்னைப் போலவே ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறவர். அந்த வாரம் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் நடத்த வேண்டிய பாடம், வனாந்தரத்துக்கு ஓடிப்போன அடிமைப்பெண் ஆகார். "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று கரும்பலகையில் எழுதும்போது கை கூசியது.

பிறரைக் காண்பது ஒரு வரம் என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். வரமாக வருகிறவர்களுக்கு வரட்டும். எனக்கு அது வேலையாகத்தான் வந்தது: நேரம் ஒதுக்குவது, நோட்டில் எழுதுவது, நகல் எடுப்பது, வரிசையில் நிற்பது. நான் தப்புத்தப்பாகச் செய்து படித்ததைப் படிப்படியாக எழுதுகிறேன். நீங்கள் என்னைவிடச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

1. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நில்லுங்கள்

இந்த ஊரில் எல்லோரும் ஓடிக்கொண்டே இருப்பதால் யாரும் யார் கண்ணிலும் தங்குவதில்லை. முதல் நான்கு வாரம் எந்த உதவியும் செய்யாதீர்கள். மூன்று இடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்: வேலை செய்யும் இடம், குடியிருக்கும் இடம், ஆராதிக்கும் இடம். ஒவ்வொன்றிலும் வாரத்தில் ஒருமுறை, அதே நேரத்தில், கால் மணி நேரம் போனை எடுக்காமல் நில்லுங்கள்.

சபையில் இதைச் செய்வது சுலபம். ஆராதனைக்கு இருபது நிமிஷம் முன்னால் வாருங்கள், முடிந்து இருபது நிமிஷம் கழித்துப் போங்கள். நாற்காலி போடுவது யார், கேட்டில் செருப்பு ஓரமாக நிற்பது யார், ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் நழுவிவிடுவது யார் என்று தெரியும். நழுவுகிறவர்களைக் கவனியுங்கள். அவர்களுக்கு மதியம் ஷிஃப்ட் இருக்கலாம். அல்லது வெளியே கூடி நின்று பேசும்போது தன்னிடம் யாரும் பேச வரமாட்டார்கள் என்று தெரிந்திருக்கலாம். சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயம், வியாழக்கிழமைகளில் விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயம் மாதிரி பெருங்கூட்டம் சேரும் இடத்துக்குப் போகிறவர் என்றால், ஒரே வாசல், ஒரே பெஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் பத்து வருஷம் போனாலும் ஒரு முகமும் பதியாது.

பெத்சாயிதாவில் கண் திறக்கப்பட்டவன் முதல் தடவை பார்த்தபோது மனுஷர்கள் நடக்கிற மரங்களைப்போலத் தெரிந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். இயேசு இரண்டாம் தரம் கை வைத்தபிறகுதான் தெளிவு வந்தது. முதல் வாரம் உங்களுக்கும் மரங்கள்தான் தெரியும். கவலைப்படாதீர்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பெயர், எந்த நேரம் வருகிறார், என்று லீவு. இவ்வளவு போதும். நோயையும் கடனையும் அதில் எழுதாதீர்கள், நோட்டு தொலைந்துபோகும். என்னுடையது ஒருமுறை ஆட்டோவில் போயிற்று.

2. பெயரைக் கேளுங்கள், ஆனால் ஊரைக் கேட்காதீர்கள்

முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அப்புறம் கேளுங்கள். முறை இவ்வளவுதான். ஆதியாகமம் 16-ஐ எடுத்து ஒரு தடவை மெதுவாகப் படித்துப் பாருங்கள். ஆபிராமும் சாராயும் அந்த அதிகாரத்தில் ஒரு இடத்திலும் ஆகாரைப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை, "அடிமைப்பெண்" என்றுதான் சொல்கிறார்கள். பெயர் சொல்லி முதலில் கூப்பிடுவது வனாந்தரத்தில் அவளைக் கண்ட தூதன். அடுத்து, எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறான். மாரிக்குப்பம் ரயிலில் வருகிறவரிடம் கேட்க இதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் தமிழ்ச் சபைகளில் பெயருக்கு அடுத்தபடி வரும் கேள்வி "சொந்த ஊர் எது?" அடுத்தது "அங்கே எந்தத் தெரு, எந்தச் சேகரம்?" கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் தெரியும், இது ஊரைப் பற்றிய விசாரணை இல்லை, சாதியைப் பற்றியது. எத்தனையோ பேர் இந்தக் கேள்விக்குப் பயந்தே சீக்கிரம் கிளம்பிப் போகிறார்கள். எங்கே வேலை, எந்த பஸ்ஸில் வருகிறீர்கள், சாப்பிட்டாச்சா என்று கேளுங்கள். ஊரை அவர்களே சொல்லட்டும்.

கூப்பிடும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஆயா", "ஹவுஸ்கீப்பிங்", "வாட்ச்மேன்" மூன்றையும் விட்டுவிடுங்கள். பெங்களூரில் அண்ணா, அக்கா, அம்மா என்ற சொற்கள் தமிழருக்கும் புரியும், கன்னடருக்கும் புரியும். அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து கேட்டில் நிற்கிற பையன்களும் ஒரு மாதத்தில் பழகிக்கொள்கிறார்கள். உங்களைவிட இளையவர் என்றாலும் "வாங்க, போங்க" என்றே பேசுங்கள். கன்னடம் அரைகுறை என்றால் அரைகுறையாகவே பேசுங்கள், ஆனால் முழு வாக்கியமாகப் பேசுங்கள். "இல்லி கிளீன் மாடி" வாக்கியம் இல்லை, அதட்டல்.

சபையின் வருடாந்தர அறிக்கை கிடைத்தால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நான் அப்போது போய்க்கொண்டிருந்த சபையில், பதினான்கு வருஷமாகக் கோயிலைக் கூட்டுகிறவரின் சம்பளம் மின்கட்டணத்துக்கும் பினாயிலுக்கும் நடுவில், "பராமரிப்பு" என்ற தலைப்பில் இருந்தது. ஒலிபெருக்கி நன்கொடையாகக் கொடுத்தவருக்கு இரண்டு பக்கம் தள்ளி நன்றி, பெயரோடு.

பெயர் தெரிந்தால் எல்லாம் முடிந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். லூக்கா 16-இல் ஐசுவரியவான் பாதாளத்திலிருந்து "லாசருவை அனுப்பும்" என்று பெயர் சொல்லிக் கேட்கிறான். வாசலில் கிடந்தவனின் பெயர் அவனுக்கு எப்போதும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

3. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்

இது என் அரிசி மூட்டைக் கதை. அலுவலகம் கூட்டும் அந்த அம்மாவின் பெயர் தெரிந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு 25 கிலோ பொன்னி மூட்டை ஒன்றை வாங்கி அலுவலகத்துக்கே கொண்டுவந்தேன். மூட்டையோடு அவரை நிறுத்திப் போட்டோ எடுத்து சபை வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். "ஆமென்", "ஸ்தோத்திரம்", கைகூப்பும் படம் என்று நாற்பது பதில்கள். மறுநாள் பார்த்தால் மூட்டை செக்யூரிட்டி அறையில் இருக்கிறது. ஐம்பத்தேழு வயதுப் பெண்மணி 25 கிலோவைத் தூக்கிக்கொண்டு சாயங்கால ரயிலில் தங்கவயல்வரை எப்படிப் போவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காவலர் ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டிருந்தார். நான் போய்க் கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அரிசி ரேஷன்ல கெடைக்குது சார். பி.எஃப். பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு யாராவது படிச்சுச் சொன்னா போதும்." அப்புறம், மெதுவாக, "அந்த போட்டோவ எடுத்துருங்க" என்றார்.

எரிகோவில் பர்திமேயு குருடன் என்பது பார்த்தாலே தெரியும். இருந்தும் உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்டார். நாம் கேட்காமல் செய்கிறோம். கேட்கும்போது உங்களால் எவ்வளவு முடியும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்: "மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை என்னால் வர முடியும். பேப்பர் வேலை, ஆஸ்பத்திரி, பாரம் நிரப்புவது, எது வேண்டும்?" அளவு தெரியாத வாக்குறுதி இரண்டு பக்கமும் கசப்பில்தான் போய் முடியும்.

ஒன்றுமே வேண்டாம் என்று சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். உதவிக்கு விலையாக ஜெபத்தையோ கூட்டத்துக்கு வருவதையோ வைக்காதீர்கள். பாரம் நிரப்பும் மேஜையில் கைப்பிரதி வைப்பது எனக்கு ஒப்பாது. அவர் மறுக்க முடியாத இடத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.

4. ஆவணங்கள்: இங்கேதான் நேரம் போகும்

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கேட்பது இதைத்தான். ஆகவே இந்தப் பகுதி நீளம்.

சம்பளச் சீட்டை முதலில் பாருங்கள். ஒப்பந்த நிறுவனம் மூலம் வேலை செய்கிறவர் என்றால் அதில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று தேடுங்கள். படிகள் எதுவும் இல்லாமல் சம்பளம் 14,000 என்றால் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,680 ரூபாய், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 105 ரூபாய். நான் இதைப் பார்க்காமல் நேராக இ-ஷ்ரம் அட்டை எடுக்க அந்த அம்மாவை ஒரு நாள் லீவு போடவைத்தேன். இ-ஷ்ரம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாத அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கானது. வயது 16 முதல் 59. அவருக்குப் பி.எஃப். இருந்ததால் பதிவு ஏறவில்லை. ஒரு நாள் கூலி போனது என்னால். வீட்டுவேலை செய்கிறவர், தள்ளுவண்டிக்காரர், குப்பை பொறுக்குகிறவர் என்றால் இ-ஷ்ரம் சரியான இடம். பதிவு இலவசம். ஆதார், ஆதாரோடு இணைத்த போன், வங்கிக் கணக்கு எண் போதும்.

ஆதாரில் மூன்றைச் சரிபாருங்கள்: பெயர் எழுத்து, பிறந்த தேதி, இணைத்த போன் எண். போன் எண் பெரும்பாலும் மருமகனுடையதாகவோ, எப்போதோ தொலைந்துபோன சிம்முடையதாகவோ இருக்கும். ஓ.டி.பி. வராமல் எந்த வேலையும் நகராது. அதனால் ஆதார் மையத்துக்குப் போவதே முதல் பயணமாக இருக்கட்டும். 2025 அக்டோபரிலிருந்து பெயர், முகவரி, போன் எண் மாதிரி விவரத் திருத்தத்துக்கு 75 ரூபாய், கைரேகை புதுப்பிக்க 125. பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் திருத்தலாம், பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. ஆகவே அவசரப்பட்டு மாற்றாதீர்கள். வங்கிப் புத்தகம், பி.எஃப்., ரேஷன் அட்டை எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, எந்த எழுத்துக்கூட்டல் அதிக இடத்தில் இருக்கிறதோ அதற்கு மற்றவற்றை மாற்றுங்கள். நம் பெயர்களில் இனிஷியல் ஒரு தொல்லை. தமிழில் முன்னால் வரும், கன்னட அலுவலகத்தில் பின்னால் போகும், இன்னொரு இடத்தில் அப்பா பெயராக விரிந்து நிற்கும்.

முகவரி மாற்றுவதில் தனி யோசனை வேண்டும். கர்நாடக அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2023 ஜூனில் தொடங்கியது. அதற்குக் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி முகவரியோடு இருக்கும் அக்காமார் டிக்கெட் எடுத்தாக வேண்டும். உடனே முகவரியை மாற்றிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அவருக்கு ஊரில் ரேஷன் அட்டையும் தமிழ்நாட்டு அரசின் மகளிர் உரிமைத் தொகையும் இருந்தால், அங்கே என்ன ஆகும் என்று விசாரித்த பிறகே மாற்றுங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

ரேஷன். தமிழ்நாட்டு அட்டையை வைத்துக்கொண்டு பெங்களூரு நியாயவிலைக் கடையில் தானியம் வாங்க ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் வழி உண்டு. பொறி என்னவென்றால், அது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டைகளுக்கு மட்டும்தான். ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். என்றோ பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்றோ இருந்தால் கிடைக்கும், என்.பி.எச்.எச். என்றால் கிடைக்காது. ஊரில் கிடைக்கும் பருப்பும் பாமாயிலும் இங்கே வராது. இதைத் தெரியாமல் ஒரு குடும்பத்தை இரண்டு கடைக்கு அலையவிட்டிருக்கிறேன்.

பி.எஃப். அலுவலகம் கூட்டும் அந்த அம்மா கேட்ட பேப்பர் இதுதான். ஒப்பந்தம் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது வேலை அதே மாடியில்தான். காகிதத்தில் மட்டும் முதலாளி மாறிவிடுவார். ஒவ்வொருவரும் பழைய யு.ஏ.என். எண்ணை (பி.எஃப்.புக்கு ஆளுக்கு ஒன்றாக இருக்க வேண்டிய எண்) கேட்காமல் புதிதாக ஒன்று போட்டுவிடுகிறார்கள். அவருக்கு மூன்று எண்கள் இருந்தன. ஒன்றில் பிறந்த வருஷம் தப்பு, இன்னொன்றில் பெயரில் ஒரு எழுத்துக் குறைவு. இதனால் என்ன என்று கேட்கலாம். 58 வயதில் மாத ஓய்வூதியம் கிடைக்க 10 வருஷச் சேவை வேண்டும். எண்கள் துண்டுதுண்டாகக் கிடந்தால் நான்கு, மூன்று, நான்கு என்று நிற்கும், சேர்த்தால் பதினொன்று. குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய்தான். இருந்தாலும் ஐம்பத்தேழு வயதில் அந்த மூன்று எண்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது சின்ன விஷயமில்லை.

செய்ய வேண்டியது: பதிவான போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்புத் தொகை குறுஞ்செய்தியாக வரும். வராவிட்டால் போன் எண்ணோ ஆதாரோ இணையவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். முதலில் எல்லா எண்ணிலும் பெயரையும் பிறந்த தேதியையும் ஆதாருக்கு ஒத்துப்போகச் செய்யுங்கள்; பழைய கணக்குகளுக்கு நிறுவனத்தின் ஒப்புதலும் தேவைப்படும். அதன்பிறகு பழையவற்றைப் புதியதற்கு மாற்ற விண்ணப்பியுங்கள். நடுவில் யாராவது "பணத்தை எடுத்துருங்க, சீக்கிரம் கெடைக்கும்" என்று ஆலோசனை சொல்வார்கள். பத்து வருஷம் நிறையாமல் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்தச் சேவைக் காலமே போய்விடும். கணினி மையக்காரர் கமிஷனுக்காக இதைத்தான் முதலில் சொல்கிறார். எங்காவது சிக்கினால், ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டம்தோறும் பி.எஃப். அமைப்பு நடத்தும் குறைகேட்பு முகாமுக்குப் போங்கள். எழுதிய மனு, எல்லாச் சம்பளச் சீட்டு, ஆதார் நகல், வங்கிப் புத்தக முதல் பக்கம், எல்லாம் இரண்டு செட். எங்களுக்கு முதல் மனுவிலிருந்து மூன்று எண்களும் ஒன்றாகும்வரை ஏழு மாதம் ஆனது. அதில் நான்கு மாதம் ஒரு பழைய ஒப்பந்த நிறுவனத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. அதன் பெயர் வேண்டாம்.

இ.எஸ்.ஐ. பிடித்தம் போகிறதென்றால் அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் உண்டு. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். பெங்களூரில் ராஜாஜிநகரிலும் இந்திராநகரிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன. மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டே தனியார் கிளினிக்கில் வட்டிக்கு வாங்கிச் செலவு செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தங்களுக்கு அட்டை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதமும் கிடைக்கும், வருஷத்துக்கு 91 நாள் வரை. அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும்.

வங்கியில் மத்திய அரசின் இரண்டு காப்பீடுகள். விபத்துக் காப்பீட்டுக்கு வருஷம் 20 ரூபாய், வயது 18 முதல் 70. ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய், 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும். இரண்டிலும் இறப்புக்கு 2 லட்சம், முதலாவதில் விபத்தால் இறந்தால் மட்டும். பணம் ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கணக்கிலிருந்து பிடிக்கப்படும். மே மாதக் கடைசியில் கணக்கு காலியாக இருந்தால் காப்பீடு சத்தமில்லாமல் நின்றுவிடும். என் நோட்டில் மே 25 என்று தேதி போட்டு வைத்திருக்கிறேன். அன்று எல்லோருக்கும் ஒரு போன்.

முதியவர்கள். கர்நாடகத்தில் 65 வயதைக் கடந்த ஏழைகளுக்கு சந்தியா சுரக்ஷா ஓய்வூதியம் இருக்கிறது, மாதம் 1,200 ரூபாய். வயதுச் சான்று, முகவரிச் சான்று, வருமானச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பத்தைக் கொடுக்கும் வருவாய்த்துறை அலுவலகத்துக்குப் பெயர் நாடகச்சேரி. முதல்முறை கேட்டபோது நாடகமும் கச்சேரியுமா என்று சிரித்தேன். இரண்டாம் முறை போனபோது சிரிப்பு வரவில்லை. வருமானச் சான்றிதழுக்கு முதலில் விண்ணப்பியுங்கள், அது கையில் வந்தபிறகு ஓய்வூதியத்துக்குப் போங்கள்.

கட்டடத் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம். கடந்த ஒரு வருஷத்தில் 90 நாள் வேலை பார்த்ததற்கு மேஸ்திரியோ ஒப்பந்தக்காரரோ சான்று கொடுக்க வேண்டும். அந்தக் கையெழுத்தை வாங்குவதுதான் மொத்த வேலையும்.

இந்தப் பகுதிக்கான விதிகள் சில. மூல ஆவணம் ஒன்றையும் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆதார் படத்தை எந்தக் குழுவிலும் போடாதீர்கள். அவர் போனில் வரும் ஓ.டி.பி.யை அவரே படித்துச் சொல்லட்டும், அல்லது காட்டட்டும். கடவுச்சொல்லை ஒரு காகிதத்தில் எழுதி அவரிடமே கொடுங்கள்.

5. செலவு

பணச் செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. நகல், ஆட்டோ, ஆதார் கட்டணம், ஆளுக்கு ஒரு காபி எல்லாம் சேர்த்து எனக்கு மாதம் 500-லிருந்து 700 ரூபாய்க்குள் முடிகிறது. பெரிய செலவு அவர்களுடைய லீவு. அரசு அலுவலகம் திறந்திருக்கும் நாளில் அவர்களுக்கு வேலை. வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. ஆகவே ஆன்லைனில் முடிவதை மதிய இடைவேளையில் முடியுங்கள், நேரில் போயாக வேண்டியதை எல்லாம் ஒரே நாளில் அடுக்குங்கள். போன கூலியை நீங்கள் கொடுக்கலாமா என்பதை முன்கூட்டியே, தனியாகக் கேளுங்கள். சிலர் வாங்கிக்கொள்வார்கள், சிலர் முகம் சுருங்குவார்கள். கடன் மட்டும் கொடுக்காதீர்கள். கொடுக்க முடிந்தால் கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள். கடன் என்று ஆனபிறகு அவர் உங்களைக் கண்டால் வேறு படிக்கட்டில் இறங்கிப் போவார்.

6. ஆஸ்பத்திரி வாசல்

நிமான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை, கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை இரண்டுக்கும் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து நம் ஆட்கள் நிறையப் பேர் வருகிறார்கள். நோயாளியை எல்லோரும் பார்க்கிறார்கள். கூட வந்தவரை யாரும் பார்ப்பதில்லை. அவருக்குக் கன்னடப் பலகை படிக்கத் தெரியாது, எந்த வரிசை என்று தெரியாது, கழிவறைக்குப் போனால் டோக்கன் போய்விடுமோ என்று பயம். நீங்கள் அங்கே செய்யக்கூடியது எளிமையானது: பலகையைப் படித்துச் சொல்வது, சீட்டில் எழுதியிருக்கும் அறை எண்ணைக் காட்டுவது, அவர் சாப்பிட்டுவிட்டு வரும்வரை பையைப் பார்த்துக்கொள்வது. பதிவு கூட்டம் காலையில்தான், எட்டு மணிக்குள் அங்கே இருங்கள். மருத்துவ ஆலோசனை சொல்லாதீர்கள். விசுவாசித்தால் மருந்து வேண்டாம் என்று சொல்கிறவர்களை உங்களோடு கூட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள். ஜெபிக்கலாமா என்று கேளுங்கள். சரி என்றால் மெதுவாக, சுருக்கமாக. பெண்கள் வார்டு என்றால் பெண் ஒருவரோடு போங்கள். யார் வீட்டுக்குப் போனாலும் தனியாகப் போகாதீர்கள்.

உங்கள் கைக்கு மீறிய காரியங்களும் வரும். முதியவர் கைவிடப்பட்டிருந்தால் 14567, பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098, மனநெருக்கடி என்றால் 14416. மூன்றையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

7. சபைக்குள் கொண்டுபோவது

தனியாக ஒரு வருஷம் ஓடலாம். அதற்குமேல் சபை வேண்டும். கமிட்டியில் "நாம் எளியோரைக் கண்டுகொள்ள வேண்டும்" என்று பேசினால் எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டுத் தேநீருக்குப் போவார்கள். தாளில் எழுதிக் கொடுங்கள்: மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனைக்குப் பின் ஒன்றரை மணி நேரம், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பிரிண்டர், கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர். கன்னடம் தெரிந்தவர் கட்டாயம் வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைக் கேளுங்கள். பாடகர் குழுவில் இடம் கிடைக்காத பிள்ளைகள் இதில் பிரமாதமாகச் செய்கிறார்கள்.

யாராவது மறுத்தால் அப்போஸ்தலர் 6-ஐ எடுத்து வையுங்கள். எருசலேம் சபையில் அன்றாட விசாரணையில், அதாவது தினமும் உணவு பங்கிடுவதில், விட்டுப்போனவர்கள் வேறு மொழி பேசிய விதவைகள். அப்போஸ்தலர்கள் முறுமுறுப்பைக் கண்டிக்கவில்லை, ஏழு பேரை நியமித்தார்கள், ஏழு பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. அந்நிய ஊரில் மொழி தெரியாமல் விட்டுப்போவது எப்படி என்று பெங்களூருத் தமிழ்ச் சபைக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் கமிட்டி இரண்டு கூட்டம் தள்ளிப்போட்டு மூன்றாவதில் சம்மதித்தது. பிரிண்டர் மட்டும் தரவில்லை. போகட்டும். கூடவே அறிக்கையில் கோயிலைக் கூட்டுகிறவரின் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டேன். அடுத்த வருஷம் வந்தது, எழுத்துப் பிழையோடு.

8. நீங்கள் ஊர் மாறும்போது

ஐ.டி. வேலையில் இருக்கிறவர் மூன்று நான்கு வருஷத்தில் மாறிவிடுவார். போகிறீர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து குறைந்தது இரண்டு மாதம் வைத்துக்கொண்டு நோட்டிலுள்ள ஒவ்வொருவரையும் இன்னொருவரிடம் நேரில் அறிமுகம் செய்யுங்கள். போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனால் அந்த போன் ஒருபோதும் வராது. யார் பொறுப்பு எடுக்கிறார் என்பதை உங்கள் ஆட்களிடம் முதலில் சொல்லி, அவர் வேண்டாம் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். பாதியில் நிற்கும் விண்ணப்பங்களின் ஒப்புகை எண்களை அவர்கள் கையிலேயே எழுதிக் கொடுங்கள்.

அறிமுகத்தை ஷிஃப்ட் நடுவில், தேநீர் நேரத்தில் வையுங்கள். நான் வேலை முடிகிற நேரத்துக்கு வைத்தேன். அலுவலக வாசலில் என் தோழியை அந்த அம்மாவிடம் அறிமுகப்படுத்தி, இவங்க இனிமேல் பி.எஃப். விஷயம் பார்த்துக்குவாங்க என்று விளக்கிக்கொண்டே போனேன். அவர் பையைத் தோளில் மாட்டியபடி தலையாட்டிக்கொண்டிருந்தார், கண் மட்டும் சாலைப் பக்கம் போய்ப் போய் வந்தது. மாரிக்குப்பம் வண்டியைத் தவறவிட்டார். அடுத்த வண்டி வரும்வரை நாங்கள் மூவரும் ஒயிட்ஃபீல்டு நடைமேடையில் உட்கார்ந்திருந்தோம். இந்தக் கட்டுரையில் உங்கள் பெயரைப் போடலாமா என்று அப்போதுதான் கேட்டேன். வேண்டாம் என்றார்.